பொடிடப்பியின் மேல் ஒரு நாய்

ரோம், 9 ஜனவரி 1826

எஜீதியோ,

அந்தப் பொடிடப்பியை நீ விற்றுவிட்டாய்.

நான் கேள்வி கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். போப்பாண்டவரின் அரசில் மன்னிப்பு மனுக்களைப் படித்து முடிவு சொல்கிற மூத்த பாதிரி மொன்சிஞோர் எட்டு மாதமாக வாயே திறக்கவில்லையே என்று நேற்று அவர் மாளிகையின் பின்வாசலுக்குப் போனேன். சமையல்காரி கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். "நாய் படம் போட்ட தங்க டப்பியா? எசமான் அலமாரிய வாராவாரம் தொடைக்கிறது நான்தாம்மா. அப்படி ஒண்ணும் அங்க இல்ல," என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எவனையாவது நம்பிக் குடுத்தியா?"

நம்பித்தான் கொடுத்தேன்.

கண்ணாடித் துணுக்குகளால் அந்த நாயை மூடியில் பதிக்க எனக்கு நாற்பத்தொரு நாள் ஆனது. மொன்சிஞோர் தன் நாயோடு தோட்டத்தில் நடக்கும்போது இரும்புக் கம்பிக்கு வெளியே நின்று மூன்று காலை அதைப் பார்த்தேன். வெள்ளை நாய், இடது காது மட்டும் பழுப்பு. அந்தப் பழுப்புக்குள் ஐந்து பழுப்பு இருந்தது. ஐந்துக்கும் கண்ணாடி இழை என் அண்ணன் செராஃபினோ இழுத்து வைத்தது, பிடிபடுவதற்கு முன்னால். சுடரில் கண்ணாடியை உருக்கித் தலைமுடிபோல இழுக்க இந்த ஊரில் அவனுக்கு இணை கிடையாது. அந்த இழைகளை எள்ளைவிடச் சின்னதாக நறுக்கி, பசை இறுகுவதற்குள் ஒவ்வொன்றாகச் சாமணத்தால் நட்டேன். டப்பிக்கான தங்கம் என் கல்யாணத்துக்கு அம்மா வைத்துவிட்டுப் போனது. உன்னோடு நடக்கவிருந்த கல்யாணம்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். பாலத்தின்மேல் "மச்சான், இதக் கொஞ்சம் புடி" என்று மூட்டையைச் செராஃபினோ கையில் கொடுத்துவிட்டுச் சுட்ட கஷ்கொட்டை வாங்கப் போனவன் நீ. பாதிரிமார் ஆட்சி ஒழிக என்று அச்சடித்து மூட்டைக்குள் வைத்தவனும் நீ. போலீஸ்காரன் பிடித்துக் கேட்டபோது "என்னுதுதான்" என்று சொன்னவன் அவன். சிறைக்கோட்டை வாசலில் என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "அழாத தில்லா. அவன் உள்ள போனா உன் கல்யாணம் நின்னுடும். என்னைய ரெண்டு மாசத்துல தொரத்தி விட்டுடுவானுங்க." பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

அந்த மூட்டை உன்னுடையது என்று எழுதி டப்பிக்குள் வைப்பதாகச் சொன்னாய். வெறும் தாளைக் குமாஸ்தா குப்பையில் போடுவான், தங்கத்தைப் போட மாட்டான் என்றாய். டப்பியைக் கொடுத்த அன்றே நீ எல்லை தாண்டிவிடுவாய், உனக்குப் பதிலாகத் தாள் பேசும் என்றாய். நீ எல்லை தாண்டியது மட்டும்தான் நடந்தது.

யாரிடம் விற்றாய் என்று எழுது. அஞ்சலில் போடாதே, பிரித்துப் படிப்பார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் நஸாரேனோ கையிலேயே கொடு.

தொமிதில்லா

*

பாரிஸ், 3 பிப்ரவரி 1826

தில்லா,

உன் கடிதத்தை இங்கே நகைப் பட்டறையில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டேன். முதல் வரியைப் படித்ததும் என் முகம் போன போக்கைப் பார்த்து மேஸ்திரி, "என்னடா மக்ரோனி, ஊர்ல எவளாவது பெத்துட்டாளா?" என்றான். மக்ரோனி என்பது இங்கே இத்தாலிக்காரனுக்கு வைத்த பெயர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இங்கே என் பிழைப்பு இப்படித்தான் போகிறது.

நான் விற்கவில்லை. என் அம்மாவின் கல்லறைமேல் ஆணை. இந்தக் கையால் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று இதுவரை உனக்கு எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அது பொய். எழுதப் பிடிக்கவில்லை.

முன்கூடத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். என் காலணியைப் பார்த்துவிட்டு ஒருவன் விரிப்பை விட்டு இறங்கி நிற்கச் சொன்னான். உள்ளே விட்டபோது மொன்சிஞோர் சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தார். டப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம ஃபியோரினா! பாருங்கப்பா, காதப் பாருங்க, அச்சு அசல்!" நாயைக் கூப்பிட்டு டப்பியை அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். நாய் மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது. "பொடி போடாமலே தும்முது பார்!" என்று செயலாளர் சொல்ல, அறையே சிரித்தது. நீ செய்த நாயை ஒரு நிஜ நாய் அடையாளம் கண்டுகொண்டது என்று ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு செயலாளர் டப்பியை வாங்கிக்கொண்டார். கதவு திறந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். நகத்தால் லேசாக அழுத்தினால் மூடி எழும்பும்படி அந்தக் கீலை நான் செய்திருந்தேன். இதைவிட நல்ல கீல் என் வாழ்நாளில் செய்யப் போவதில்லை. அன்று சாயங்காலம் பொடி நிரப்ப யாராவது திறப்பார்கள், தாளைப் பார்ப்பார்கள், இருட்டுவதற்குள் என்னைத் தேடி வருவார்கள் என்று நம்பித்தான் ஓடினேன். நீ நினைக்கிற மாதிரி ஓடவில்லை.

அவர்கள் படித்தார்கள் தில்லா. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். நம் போன்றவர்களுக்கு அதுதான் பதில்.

எஜீதியோ

*

ரோம், 28 பிப்ரவரி 1826

எஜீதியோ,

நகத்தால் லேசாக அழுத்தினால் போதும் என்கிறாய். "உள்ளே ஒரு தாள் இருக்கிறது ஐயா" என்று சொல்ல அதைவிட எவ்வளவு பலம் வேண்டும்? நாய் தும்மியதற்குச் சிரிக்க வாய் இருந்ததல்லவா?

நேற்று கோட்டைக்குப் போனேன். செராஃபினோவைக் கீழ் அறையிலிருந்து நோயாளிகள் கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் இனி ஞாயிறுதோறும் பார்க்கலாம். இதை நல்ல செய்தி மாதிரி சொல்லி அனுப்பினார்கள். வைக்கோல்மேல் படுத்திருந்தான். இருமினால் வாயைச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொள்கிறான், நான் பார்த்துவிடக் கூடாதாம். சட்டைக் கை விறைத்துக் கறுத்திருக்கிறது.

"மச்சான் எப்படி இருக்கான்? பிரெஞ்சுக்காரி எவளாவது மாட்டிக்கிட்டாளா?" என்று கேட்டான்.

"அந்த மூஞ்சிக்கு எவ மாட்டுவா?" என்றேன்.

"அதுவும் சரிதான். உன் தலையிலதான் எழுதியிருக்கு." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் மெதுவாகக் கேட்டான்: "தாளப் படிச்சாங்களா தில்லா?"

படித்துவிட்டார்கள், பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னேன். பரிசீலனை என்ற வார்த்தையை அவன் வாயில் வைத்து மிட்டாய்மாதிரி சுவைத்தான்.

கோட்டை மருத்துவர் வாசல்வரை வந்தார். "கோடை தாண்டாதும்மா," என்றார். நல்ல மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னார்.

இப்போது நான் ஆங்கிலேயப் பயணிகளுக்குக் கண்ணாடித் துணுக்கில் புறா பதித்துக் கொடுக்கிறேன். கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நான்கு புறாக்கள். எல்லோருக்கும் அதே நான்கு. செராஃபினோ இழுத்த இழையில் ஒரு கட்டுதான் மிச்சம் இருக்கிறது. அதை நான் தொடுவதில்லை.

தாளை நீ வைத்ததை நான் பார்க்கவில்லை. எழுதியதைப் படிக்கவும் நீ விடவில்லை. "நீ பார்த்தா அழுவ" என்றாய். இப்போது கேட்கிறேன்: அதை வைத்தாயா, இல்லையா?

தொமிதில்லா

*

பாரிஸ், 2 ஏப்ரல் 1826

தில்லா, தில்லா,

டப்பி இங்கே இருக்கிறது.

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் இரண்டு முறை படி. செவ்வாய்க்கிழமை ஒரு தூதரின் ஆள் வந்து தோல் பையைக் கடையில் கவிழ்த்தான். பதினான்கு தங்கப் பொடிடப்பிகள். இந்தக் கடையில் இது வழக்கம்தான். தூதர் எந்த அரண்மனைக்குப் போனாலும் ஒரு டப்பி தருவார்கள். ஊர் திரும்பியதும் மொத்தமாகக் கொண்டுவந்து தள்ளிவிடுவார். கடை அதையே மெருகேற்றி இன்னொரு அரண்மனைக்குக் கொடுக்கும், அது இன்னொரு தூதருக்குப் போகும். மேஸ்திரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டான். "இந்தப் பச்ச டப்பி என் கைக்கு மூணாவது தடவ வருதுடா. பொறந்ததுலேருந்து ஒரு சிட்டிக பொடி பார்த்ததில்ல இது வயிறு. இவனுங்க மூடியப் பார்ப்பானுங்க, அடுத்தவன் கையில குடுப்பானுங்க. எவன்டா தொறப்பான்?"

ஒன்பதாவது ஃபியோரினா.

இடது காதைப் பார்த்ததும் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். மொன்சிஞோர் அதைச் சில நாளிலேயே அந்தத் தூதருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாராம், தூதரின் ஆளே சொன்னான். தன் நாயின் படத்தை! அவர் வாங்குவதெல்லாம் அப்படித்தான் கைமாறும்போல. மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும் நகத்தால் அழுத்தினேன். மூடி எழும்பியது, தில்லா, முதல் நாள்போல. உள்ளே என் தாள். நான் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. முத்திரையை யாரும் தொடவில்லை.

நாம் எவ்வளவு பெரிய முட்டாள்கள். நமக்கு டப்பி என்றால் திறப்பதற்கு. செய்கிறவன் புத்தி அது. கீல் செய்தால் அசையும், மூடி செய்தால் எழும்பும் என்று நினைப்போம். அவர்களுக்கு அது வெறும் மூடிதான். அடியில் ஒன்றுமே இல்லாமல் செய்திருந்தாலும் தெரிந்திருக்காது.

ஆனால் ஒன்று, இப்போதாவது நம்புகிறாயா? நான் விற்கவில்லை. ஏமாற்றவில்லை. தாளை வைத்தேன். பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அன்று நன்றாகத் தூங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தாளை இந்தக் கடிதத்தோடு நஸாரேனோவிடம் கொடுத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய் யாரிடமாவது நேரில் கொடு. டப்பியை எடுக்க முடியவில்லை, கணக்கில் ஏறிவிட்டது. மூடியிலிருந்து நாயைப் பெயர்த்து எடுத்துவிட்டு யாரோ ஒரு இளவரசனின் முகத்தை வைக்க வேண்டுமாம். அந்த வேலையை எனக்கே கொடுத்திருக்கிறான்.

எஜீதியோ

*

ரோம், 26 ஏப்ரல் 1826

எஜீதியோ,

நீ நன்றாகத் தூங்கினாய் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

தாளைப் பிரித்தேன். அழவில்லை. எண்ணினேன். மொன்சிஞோரின் ஊதா அங்கியின் விளிம்பை முத்தமிட ஒன்பது வரி. அவருடைய கருணைக்கு நான்கு வரி. அவர் குடும்பத்தின் பழம்பெருமைக்கு மூன்று. கடைசி மடிப்பில், தாள் முடியப் போகிற இடத்தில், மூட்டை உன்னுடையது என்று ஒன்றரை வரி. உன் எழுத்து அந்த இடத்தில் மட்டும் சிறுத்திருக்கிறது.

இருந்தாலும் கையெழுத்து இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன். இரண்டு நாள் வரிசையில் நின்று ஒரு குமாஸ்தாவைப் பார்த்தேன். கெட்டவன் இல்லை. முழுதும் படித்தான்.

"இந்த எஜீதியோ எங்க?"

"பாரிஸ்ல."

அவன் தாளை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினான். "ஊர விட்டு ஓடுனவன் எழுதுறதுக்கு என்னம்மா மதிப்பு? நாளைக்கு நானும் எல்லை தாண்டி நின்னுக்கிட்டு, உலகத்துல இருக்கிற கைதி பண்ணின குத்தமெல்லாம் என்னுதுன்னு எழுதலாம். ஆளு வரணும். நீதிபதி முன்னாடி நின்னு வாயால சொல்லணும். சொன்னா அன்னிக்கே உங்க அண்ணனுக்குக் கதவு தொறக்கும்."

அப்படியானால் மொன்சிஞோர் அன்று டப்பியைத் திறந்திருந்தாலும் இதே பதில்தான். உனக்குப் புரிகிறதா? அவர்கள் திறக்காதது அவர்களுடைய பாவம். நீ உன் உடம்பை எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு தாளை மட்டும் உள்ளே வைத்தது உன்னுடையது. அதில் எனக்கும் பங்கு உண்டு. "போய்டு, மாட்டிக்காத" என்று வாசலில் ரொட்டியைக் கட்டிக் கொடுத்தவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை செராஃபினோ கேட்டான். நீ கிளம்பிவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அவன் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் முதல் முறையாக எழுந்து உட்கார்ந்தான்.

வா.

தொமிதில்லா

*

பாரிஸ், 21 மே 1826

தில்லா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

வருகிறேன். வர மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. என் கடவுச்சீட்டு முதலாளியிடம் இருக்கிறது, இலையுதிர் காலம்வரை தர மாட்டார். கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார். நான் வந்து சொன்னால் அவர்கள் செராஃபினோவை விடுவார்கள் என்று ஒரு குமாஸ்தா சொல்கிறான். குமாஸ்தாவின் வார்த்தை! என்னையும் உள்ளே தள்ளிவிட்டு அவனையும் விடாவிட்டால்? பொய் சாட்சி சொன்னான் என்று அவனுக்கு இன்னொரு வழக்குப் போட்டால்? உனக்கு அண்ணனும் இல்லை, நானும் இல்லை என்று ஆகும். உன்னை நினைத்துத்தான் சொல்கிறேன்.

இல்லை. உன்னை நினைத்துச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. அந்தக் கீழ் அறையைப் பற்றி நீ எழுதியதிலிருந்து எனக்கும் இருமல் வருகிற மாதிரி இருக்கிறது. பாலத்தில் அன்று கஷ்கொட்டைக்காரன் பக்கத்தில் நின்றபடி நான் எல்லாவற்றையும் பார்த்தேன். "என்னுதுதான்" என்று செராஃபினோ சொன்னது கேட்டது. கையில் பொட்டலம் சுட்டது. ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் போதும். கஷ்கொட்டைக்காரன் "சில்லறை வாங்கிட்டுப் போப்பா" என்றான். நான் நின்று சில்லறை வாங்கிக்கொண்டேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நாயைப் பெயர்த்துவிட்டேன். உளியை எவ்வளவு மெதுவாக நுழைத்தும் நாயைப் பதித்த செப்புத் தகடு வளைந்துவிட்டது, ஒரு கண் உதிர்ந்துபோனது. தரையெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. இனி உதவாது என்று மேஸ்திரி குப்பையில் போட்டான். எடுத்து வைத்திருந்தேன். உனக்கு அனுப்புகிறேன்.

எஜீதியோ

*

ரோம், 12 ஜூன் 1826

எஜீதியோ,

நாய் வந்தது. அந்தக் கண்ணுக்குப் பன்னிரண்டு துண்டுகள் வைத்திருந்தேன். அதில் ஒன்று வெள்ளை, ஈரம் தெரிவதற்காக.

நான் உன்னைக் கேட்டேன். நீ எனக்கு நாயை அனுப்பியிருக்கிறாய்.

பாலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும்போல. சொல்ல மாட்டேன். அந்த உண்மையை என்னிடம் சொல்லி எந்தக் கதவும் திறக்காது. இலையுதிர் காலம் என்று ஒன்று அவனுக்கு இல்லை.

இங்கே நடப்பதைக் கேள். ஞாயிறுதோறும் நான் உள்ளே போனதும் அவன் கேட்பது ஒன்றுதான். "மச்சான் எது வரைக்கும் வந்திருக்கான்?" முதல் வாரம் லியோன் என்றேன். "அங்க சாப்பாடு நல்லா இருக்கும், அசையமாட்டானே," என்றான். அடுத்தது மலை. பனி உருகவில்லை, வண்டி நிற்கிறது என்றேன். மே மாதத்திலா என்று பக்கத்துப் படுக்கைக்காரன் கேட்டான். "நீ மூடு, உனக்கென்ன தெரியும்?" என்று செராஃபினோ அவன்மேல் பாய்ந்தான். பாய்ந்ததில் ரத்தம் வந்தது. பிறகு தூரின். நேற்று ஃபுளோரன்ஸ். உன்னை நான்தான் இழுத்துக்கொண்டு வருகிறேன், ஒவ்வொரு ஊராக.

விரல்விட்டு எண்ணுகிறான். இன்னும் எத்தனை ஊர் என்று அவனுக்குத் தெரியும், சின்ன வயதில் நஸாரேனோவோடு வண்டியில் போயிருக்கிறான். நான் ஏமாற்ற முடியாது.

கடவுச்சீட்டு இல்லாமல் வா. மலையை நடந்து கடந்தவர்கள் ஆயிரம் பேர். பயத்தோடே வா. பயப்படாதே என்று நான் சொல்லவில்லை.

தொமிதில்லா

*

லா ஸ்டோர்தா, 24 ஜூலை 1826

எஜீதியோ,

நஸாரேனோ திரும்பி வந்தார். என் கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகச் சொன்னார். நின்றபடியே படித்தாயாம். மறுநாள் காலை பதில் வாங்க அவர் வந்தபோது நீ பட்டறையில் இல்லை. அறையையும் காலி செய்திருந்தாய். எந்தப் பக்கம் போனாய் என்று யாருக்கும் தெரியவில்லை. "தெற்க வந்திருந்தா வழியில எம் கண்ணுல பட்டிருப்பான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற ரோட்டுலயும் வரலாம், சொல்ல முடியாது," என்றார்.

நீ கிளம்பியிருப்பாய் என்று நம்பி, அவர் திரும்பும் முன்பே கடிதங்களை இங்கே வைக்கத் தொடங்கிவிட்டேன். எந்த ரோட்டில் வந்தாலும் ரோமுக்கு முன்னால் கடைசியாகக் குதிரை மாற்றும் இடம் இதுதான். விடுதிக்காரரிடம் உன் பெயரையும் அடையாளத்தையும் சொல்லியிருக்கிறேன். இது மூன்றாவது. முதல் இரண்டும் அவருடைய அலமாரியில் நான் ஒட்டிய மெழுகோடு அப்படியே இருக்கின்றன. இன்று அவர் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு கிண்ணம் மது ஊற்றிக் கொடுத்தார்.

சியேனா சொல்லிவிட்டேன். வித்தெர்போ சொல்லிவிட்டேன். வித்தெர்போவில் உனக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் நிறுத்தி வைத்தேன். நேற்று அவனுக்குக் குரல் இல்லை. உதடு அசைவதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். லா ஸ்டோர்தாவுக்கு வந்துவிட்டாய், மாற்றுக் குதிரை கிடைக்கவில்லை, காத்திருக்கிறாய் என்று சொன்னேன். இதற்குப் பிறகு சொல்ல ஊர் இல்லை. நகரவாசல்தான்.

 அவன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். காதைக் கொண்டுபோனேன்.

"அங்கேருந்து நடந்தே வந்துடலாமே," என்றான்.

ஒன்பது மைல், எஜீதியோ. நான் காலையில் நடந்துதான் வந்தேன், இப்போது நடந்துதான் போகப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் பிரித்துவிட்டாய் என்றால் குதிரைக்காக நிற்காதே. விடுதிக்காரரோடு பேச்சுக் கொடுக்காதே. முகம் கழுவாதே.

நட.